வேலை தேடி அலைந்த கணித மேதை

ஆண்டுதோறும் டிசம்பர் 22-ஆம் நாளைத் தேசியக் கணித நாளாக நம் நாடு கொண்டாடி வருகிறது. அன்று பள்ளி மேடைகளில் சீனிவாச இராமானுஜன் பெயர் முழங்கும். 1729 என்னும் எண்ணின் சிறப்பை ஒரு மாணவி எடுத்துச் சொல்வாள். மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே அவர் அந்த எண்ணின் இயல்பைச் சொன்ன கதையைக் கேட்டு நாமெல்லாரும் கைதட்டுவோம். பிறகு அவரவர் வகுப்புக்குத் திரும்புவோம்.

ஆனால் அந்த மேதையின் வாழ்வில் மேடைகளில் அதிகம் பேசப்படாத சில ஆண்டுகள் உண்டு. கல்லூரித் தேர்வில் தோற்று, கையில் பட்டமின்றி, வருமானமின்றி, உடல் நலமுமின்றி, ஒரு குமாஸ்தா வேலைக்காக அவர் வீடு வீடாகப் படியேறிய ஆண்டுகள் அவை. படித்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் அண்ணனோ அக்காளோ இல்லாத வீடு நம் குமரி மாவட்டத்தில் குறைவு. ஆகவே அவர் வாழ்வின் அந்தப் பகுதியைத்தான் இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

இளமையும் முதல் தோல்வியும்

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை சீனிவாச ஐயங்கார் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுபவர். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடிச் சிறிது பொருள் ஈட்டினார். வீட்டில் வசதி இல்லை. ஆனால் பிள்ளையின் படிப்பில் பெற்றோருக்குப் பெரும் நம்பிக்கை இருந்தது.

நகர உயர்நிலைப் பள்ளியில் அவர் முதன்மையான மாணவர். 1904-ஆம் ஆண்டு கணக்குக்கான பரிசைப் பெற்றுப் பள்ளிப் படிப்பை முடித்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. இதற்குள் கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்கு வந்திருந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களை வரிசையாகச் சொல்லி, நிரூபணத்தைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்ட நூல் அது. அவற்றைத் தாமே நிறுவிப் பார்ப்பதில் இராமானுஜன் மூழ்கிப் போனார். மற்றப் பாடங்கள் கண்ணில் படவில்லை. ஆங்கிலத் தேர்வில் தவறினார், உதவித்தொகை பறிபோனது. அத்தொகை இல்லாமல் படிக்க வைக்க வீட்டில் வழியில்லை.

நேற்றுவரை ஊர் மெச்சிய பிள்ளைக்கு அந்த அவமானத்தைத் தாங்க முடியவில்லை. 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பதினேழு வயதில், யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினம் நோக்கிப் புறப்பட்டுப் போய்விட்டார். பெற்றோர் தவித்துத் தேடினர். காணாமற்போன பையனைப் பற்றி நாளிதழில் செய்தியும் வந்தது. பின்னர் ஒருவாறு வீடு வந்து சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே வயிற்றுக் கடுப்பு நோய் கண்டு ஊர் திரும்ப நேர்ந்தது. எஃப்.ஏ. என்பது இன்றைய மேல்நிலைப் படிப்புக்கு ஈடான ஈராண்டுப் படிப்பு. அந்தத் தேர்வை 1906-இலும், மறுபடி 1907-இலும் எழுதினார். இரு முறையும் தேறவில்லை. கணக்கில் எவரும் எட்டாத உயரம். உடற்கூற்றுப் பாடத்தில் தேறும் அளவுக்குக்கூட மதிப்பெண் இல்லை. அத்துடன் கல்லூரிக் கதவு மூடியது.

திண்ணையில் கழிந்த நாட்கள்

அதன்பின் வந்த ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். இருபது வயது இளைஞர். பட்டம் இல்லை; வேலை இல்லை. உடன் படித்தவர்கள் ஒவ்வொருவராய்ப் பதவிக்குப் போகிறார்கள். பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கலாம் என்று முயன்றார். பாடப் புத்தகத்தைத் தாண்டி எங்கேயோ உயரத்துக்குப் போய்விடுவாராதலால், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அவர் பாடம் ஒத்துவரவில்லை.

சாரங்கபாணி சந்நிதித் தெருவில் இருந்த அச்சிறு வீட்டின் திண்ணையில், சிலேட்டுப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். தெருவில் போவோர் வருவோரின் பேச்சும் இரைச்சலும் ஒருபுறம். அவர் மட்டும் தம் உலகில். தாள் வாங்கப் பணமில்லாததால் கணக்கைச் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடியும் போடுவார். முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். முழங்கையின் தோல் கறுத்துத் தடித்துப் போனதாம். சில வேளைகளில், ஏற்கெனவே எழுதிய தாளின் மீதே சிவப்பு மையால் எழுதியதும் உண்டு.

வேலை இல்லாத வீட்டில் சோற்றைவிடச் சொல்தான் அதிகம் சுடும். தண்டச்சோறு என்ற சொல் தமிழில் இருக்கிறதே, அதன் சூட்டை அறியாதவர் யார்? இராமானுஜன் வீட்டிலும் மனக்கசப்பு இல்லாமல் இல்லை. ஆயினும் கோமளத்தம்மாள் ஒன்று செய்தார். மகன் கணக்கில் ஆழ்ந்திருக்கும்போது சோற்றைப் பிசைந்து உருட்டி அவர் கையில் வைப்பார். எழுதுவதை நிறுத்தாமலே அவர் உண்பார். ஊர் பயனற்றது என்று கருதிய வேலையை அந்தத் தாய் மதித்தார். மனம் தளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கவளம் எவ்வளவு பெரிய மருந்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1909-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள், அக்கால வழக்கப்படி, பத்து வயதுச் சிறுமி ஜானகியை அவருக்கு மணம் முடித்து வைத்தார்கள். இனி சம்பாதித்தே ஆகவேண்டும். ஆனால் உடல் மறுபடியும் குறுக்கே நின்றது. விரைவீக்க நோய் கண்டு அறுவை செய்யவேண்டிய நிலை வந்தது. கையில் பணமில்லை. 1910-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு மருத்துவர் கட்டணம் பெறாமலே அறுவை செய்து உதவினார். எழுந்து நடக்கத் தொடங்கியதும் இராமானுஜன் வேலை தேடிச் சென்னைக்குப் புறப்பட்டார்.

கையில் ஒரு நோட்டுப் புத்தகம்

சென்னையில் நண்பர்கள் அறையில் ஒண்டிக்கொண்டு, கல்லூரி மாணவர் சிலருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, குமாஸ்தா வேலை எங்கே கிடைக்கும் என்று அலைந்தார். அவ்வாண்டு உடல்நிலை மீண்டும் மோசமாயிற்று. பிழைப்போமா என்ற ஐயம் அவருக்கே வந்துவிட்டது. தாம் இறந்துவிட்டால் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ, கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் ராஸிடமோ சேர்ப்பிக்கும்படி தம் நோட்டுப் புத்தகங்களை ஒரு நண்பரிடம் ஒப்படைத்தார். தம் உயிரைவிட அந்த ஏடுகளின் மீதே அவருக்குக் கவலை இருந்தது.

உடல் தேறியதும் அந்த ஏடுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ரயிலேறினார். சென்ற இடம் தென்பெண்ணை ஆற்றங்கரையிலுள்ள திருக்கோவிலூர். அங்கே துணை ஆட்சியராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தோற்றுவித்தவர். வருவாய்த் துறையில் ஒரு குமாஸ்தா வேலை தரவேண்டும் என்று இராமானுஜன் அவரிடம் கேட்டார். ஐயர் ஏடுகளைப் புரட்டிப் பார்த்து வியந்தார். இத்தகைய அறிவை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் புதைக்கத் தமக்கு மனம் வரவில்லை என்று கருதி, வேலை தராமல், சென்னையிலுள்ள கணித அன்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்து அனுப்பினார்.

வேலை கேட்டுப் போனவருக்குக் கிடைத்தது கடிதம். அன்றைய பசிக்கு அது சோறாகாது. ஆனால் இராமானுஜன் சோர்ந்து ஊருக்குத் திரும்பவில்லை. அக்கடிதத்துடன், முன்பு கும்பகோணத்தில் ஆசிரியராக இருந்து அப்போது மாநிலக் கல்லூரிக்கு வந்திருந்த பி.வி. சேஷு ஐயரைப் பார்த்தார். அவர் நெல்லூர் ஆட்சியர் ஆர். இராமச்சந்திர ராவிடம் அனுப்பினார். ஒரு வாசல் திறக்காவிட்டாலும் அடுத்த வாசலைக் காட்டியது.

இராமச்சந்திர ராவ் முன் வந்து நின்றவர் குள்ளமான, பருத்த உடலினர், முகம் மழிக்காதவர், கசங்கிய உடையினர், கக்கத்தில் பழைய நோட்டுப் புத்தகம். கண்களில் மட்டும் தனி ஒளி. ராவ் முதலில் நம்பவில்லை. இது மெய்யறிவா, வெறும் மயக்கமா என்று ஐயுற்றார். நண்பர் ஒருவர் துணைவர, இராமானுஜன் மீண்டும் மீண்டும் சென்று பார்த்தார். எளிய முடிவுகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாக விளக்கினார். இறுதியில் ராவின் ஐயம் அகன்றது. என்ன வேண்டும் என்று கேட்டபோது, கவலையின்றிக் கணக்குப் போட உணவும் ஓய்வும் போதும் என்றார் இராமானுஜன். அதுமுதல் மாதம் 25 ரூபாயை ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து அனுப்பி வந்தார்.

1911-ஆம் ஆண்டு இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பெர்னூலி எண்களைப் பற்றிய அக்கட்டுரை 17 பக்கங்கள் கொண்டது. வேலையில்லாத ஒருவரின் பெயர் முதன்முறையாக அறிஞர் ஏட்டில் அச்சாயிற்று.

முப்பது ரூபாய் வேலை

பிறர் கொடையில் வாழ்வது இராமானுஜனுக்கு உறுத்தலாகவே இருந்தது. தாமே உழைத்து உண்ணவேண்டும் என்று மறுபடியும் வேலை தேடினார். 1912-இன் தொடக்கத்தில் தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில் மாதம் 20 ரூபாயில் தற்காலிக வேலை கிடைத்தது. அது சில வாரங்களே நீடித்தது. அதுவும் போயிற்று.

அவ்வாண்டு பிப்ரவரி 9-ஆம் நாள், திருவல்லிக்கேணியில் தாம் தங்கியிருந்த இடத்திலிருந்து, சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அந்த விண்ணப்பம் நாம் கவனிக்கத்தக்கது. மெட்ரிகுலேஷன் தேறியதையும் எஃப்.ஏ. வரை படித்ததையும் மறைக்காமல் சொன்னார். சூழ்நிலையால் மேற்கொண்டு படிக்க முடியாமற் போனதையும் ஒரு வரியில் சொன்னார். படிப்பு நின்ற ஆண்டுகளில் கணிதத்தையே தொடர்ந்து வளர்த்து வந்ததையும், இந்த வேலைக்குத் தாம் தகுதியுடையவர் என்பதையும் தெளிவாக எழுதினார். அழுகையில்லை, பொய்யுமில்லை. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரையும் உடன் சென்றது.

1912 மார்ச் 1-ஆம் நாள் இராமானுஜன் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். வயது இருபத்து நான்கு. கடைசியாகத் தேர்வில் தோற்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

கணிதத்தில் ஐரோப்பிய அறிஞர்களுக்கு நிகரானவர் கணக்குப் பேரேட்டில் வரவு செலவு எழுதினார். அதை அவர் இழிவாக எண்ணவில்லை. அந்தச் சிறு வேலைதான் அவருக்கு நிலையான வாழ்வைத் தந்தது. தாயும் மனைவியும் சென்னைக்கு வந்து சேர்ந்தனர். ஜார்ஜ் டவுனில் குடித்தனம் அமைந்தது. மேலதிகாரி எஸ். நாராயண ஐயர் கணிதம் படித்தவர். இரவில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் அமர்ந்து கணக்குப் போடுவார்கள். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவு காட்டினார். அவர்கள் தந்த ஊக்கத்தில் இங்கிலாந்திலுள்ள பேராசிரியர்களுக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். பேக்கர், ஹாப்சன் என்ற இருவரிடமிருந்து உதவி கிட்டவில்லை. 1913 ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதினார். அந்த வாசல் திறந்தது.

அதன்பின் நடந்தவை உலகறிந்தவை. 1913 மே முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச் 17-ஆம் நாள் கப்பலேறினார். 1918-இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினராகவும், டிரினிட்டி கல்லூரியின் ஆய்வு உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

புகழுக்கு நடுவிலும் இருள்

இத்துடன் கதையை முடித்தால் இனிமையாக இருக்கும். ஆனால் உண்மை முழுமையாகாது. இங்கிலாந்தில் போர்க்காலம். குளிர், தனிமை, ஒத்துவராத உணவு, தீராத நோய். வீட்டிலிருந்து வரவேண்டிய கடிதங்களும் சரிவர வரவில்லை. 1918-இன் தொடக்கத்தில் அவர் மனம் மிகவும் உடைந்து, உயிரையே வெறுக்கும் நிலைக்குப் போனார். நல்லவேளையாக உயிர் தப்பினார். காவல் துறை அவரைப் பிடித்தபோது ஹார்டி ஓடிச்சென்று அவருக்காகப் பேசி மீட்டார். இராயல் கழகத்தின் பெருமை அவருக்கு வந்தது அதற்குச் சில மாதங்களுக்குள்தான்.

மனச்சோர்வு, வேலை இல்லாதவருக்கு மட்டும் வருவதன்று. சோம்பலால் வருவதுமன்று. உலகமே மெச்சிய மேதையையும் அது வாட்டியது. காய்ச்சலைப் போல் அதுவும் ஒரு நோய். மருந்துக்கும் அன்புக்கும் கட்டுப்படும் நோய். அதை இராமானுஜன் தம் குறையாகவே எண்ணி, வாய் திறவாமல் சுமந்தார். அக்காலத்தில் அதற்குத் தக்க மருத்துவமும் இல்லை. இன்று அப்படியில்லை. நம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கம் இல்லையென்றால் இதிலும் வெட்கம் இல்லை.

1919 மார்ச்சில் இராமானுஜன் தாயகம் திரும்பினார். நோய்ப் படுக்கையிலும் சிலேட்டையும் தாளையும் விடவில்லை. 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். அவருக்கு வயது 32.

நாம் கொள்ள வேண்டியவை

எல்லாரும் இராமானுஜன் ஆகிவிட முடியாது. நம் மாவட்டத்தில் கோணத்திலுள்ள வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கேம்பிரிட்ஜிலிருந்து கடிதம் வரப்போவதுமில்லை. ஆயினும் அவர் காத்திருந்த விதம் நம் எல்லாருக்கும் உரியது.

முதலாவது, வேலை இல்லாமை ஒருவரின் தகுதியைக் காட்டும் அளவுகோல் அன்று. 1910-இல் எந்த அலுவலகமும் ஏற்காத இராமானுஜனும், 1918-இல் உலகம் ஏற்ற இராமானுஜனும் ஒருவரே. நடுவில் மாறியது அவரன்று. அவரைப் பார்த்த கண்கள்.

இரண்டாவது, யாரும் சம்பளம் தராத நாளிலும் அவருக்கு ஒரு வேலை இருந்தது. காலையில் எழுந்தால் சிலேட்டு காத்திருந்தது. நீண்ட நாள் வேலையின்றி இருப்பவரை வாட்டுவது வறுமை மட்டுமன்று. இன்று செய்ய ஒன்றுமில்லை என்ற வெறுமையுமாகும். தையலோ, தட்டச்சோ, தோட்டமோ, சிறு பிள்ளைகளுக்குப் பாடமோ, ஏதேனும் ஒன்றை நாள்தோறும் தவறாமல் செய்பவருக்கு நாள் நழுவிப் போகாது.

மூன்றாவது, அவர் வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளவில்லை. பதினேழு வயதில் அவமானம் தாங்காமல் ஓடிப்போனவர்தான் இருபத்து மூன்று வயதில் நோட்டுப் புத்தகத்துடன் வாசல்தோறும் ஏறினார். மறுத்தவரிடமும் அடுத்தவர் முகவரியைக் கேட்டுக்கொண்டு நடந்தார்.

நான்காவது, சிறு வேலையை அவர் சிறுமையாகக் கருதவில்லை. இருபது ரூபாய்க்கும் போனார். முப்பது ரூபாய்க்கும் போனார். முப்பது ரூபாய் நாற்காலியிலிருந்துதான் ஹார்டிக்குக் கடிதம் போயிற்று.

பெற்றோருக்கும் இதில் ஒரு சொல் உண்டு. கல்யாண வீட்டிலும் கடைத்தெருவிலும், மகளுக்கு வேலை ஏதும் ஆயிற்றா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். அந்தக் கேள்வியை வீட்டுக்குள் கொண்டுவராமல் வாசலிலேயே விட்டுவிட வேண்டும். கோமளத்தம்மாளிடம் பணமும் இல்லை, பரிந்துரையும் இல்லை. ஒரு கவளம் சோற்றை முகம் சுளிக்காமல் கையில் வைக்க அவருக்கு முடிந்தது. அது எல்லா வீட்டிலும் முடியும்.

ஜானகியம்மாளின் தையல் இயந்திரம்

இறுதியாக, மாணவியராகிய நீங்கள் மறவாமல் அறியவேண்டிய ஒருவர் ஜானகியம்மாள். கணவர் மறைந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. பள்ளிப் படிப்பு இல்லை. கையில் தொழிலும் இல்லை. கணவரோடு வாழ்ந்த காலமும் சில ஆண்டுகளே. விதவைப் பெண் மூலையில் முடங்கவேண்டும் என்று கருதிய காலம் அது.

பம்பாயில் இருந்த தம் சகோதரர் வீட்டுக்குச் சென்றார். அங்கே தையல் கற்றார். சிறிது ஆங்கிலமும் கற்றார். 1931-இல் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் தனியே குடியிருந்தார். பல்கலைக்கழகம் தந்த சிறு ஓய்வூதியத்துடன், துணி தைத்துக் கொடுத்துத் தம் செலவைத் தாமே பார்த்துக்கொண்டார். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் தையல் சொல்லிக்கொடுத்தார். 1950-இல், பெற்றோரை இழந்த ஒரு சிறுவனை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். 1994 ஏப்ரல் 13-ஆம் நாள், தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தார்.

கணவரின் சிலேட்டைப் போலவே மனைவியின் தையல் இயந்திரமும் நாள் தவறாமல் இயங்கியது. உங்களுள் யாருக்கேனும் மதிப்பெண் குறையலாம். படித்து முடித்தபின் வேலை வரத் தாமதமாகலாம். அந்நாளில் இந்த இருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைய வேலையை அன்று செய்யுங்கள். நாளைக்கு ஏறவேண்டிய வாசல் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். மனம் கனத்தால், நம்பிக்கையான ஒருவரிடம் அன்றைக்கே வாய் திறந்து சொல்லுங்கள்.